மலைமுகட்டில் ஒரு நாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட முகட்டு நடைக்குப் போகப்போகிறேன் என்று யார் சொன்னாலும், அடுத்த பத்து நிமிடத்தில் இதே கேள்விகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உறைபனி மூடிய மலைக்கு இது போதாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த முகட்டில் விடியலில் தொடங்கி, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் நடையைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

முகட்டு நடைக்கும் சாதாரண மலையேற்றத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஏறுறதுதானே?

ஒரு சிகரத்துக்கு ஏறும்போது களைத்தால் திரும்பிவிடலாம். திரும்பிய பிறகு வைக்கும் ஒவ்வொரு அடியும் உங்களை அடிவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். முகடு அப்படியில்லை. ஓட்டு வீட்டின் மோட்டுவளை மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும்போது முன்னே போனாலும் அதே தூரம், பின்னே போனாலும் அதே தூரம், பக்கவாட்டில் இரண்டு புறமும் சரிவு. நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றுக்கு மறைவும் கிடையாது.

அதனால் எப்படி ஏறுவது என்பதை விட, எங்கெல்லாம் இறங்க முடியும் என்பதுதான் திட்டத்தில் முக்கியம். கீழே பல பதில்கள் இதிலேயே வந்து முடியும்.

நான் வாரத்துல அஞ்சு நாள் ஓடுறேன். உடம்பு இதுக்குப் போதுமா?

மூச்சு போதும். தொடை போதுமா என்பதுதான் சந்தேகம். சமதளத்தில் ஓடுபவர்கள் ஏற்றத்தில் சிரமப்படுவதில்லை, இறக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும். பழக்கமில்லாத தசைக்கு அடுத்த இரண்டு நாள் படியில் இறங்குவதே தண்டனையாகிவிடும்.

என் அளவுகோல் எளிது. அன்று தூக்கப்போகும் அதே பையோடு, அதே செருப்பு அல்லது ஷூவோடு, பக்கத்துக் குன்று எதிலாவது ஒரே நாளில் மொத்தம் 1,000 மீட்டர் ஏறி இறங்குங்கள். குன்று சிறியதாக இருந்தால் நாலைந்து தடவை. மறுநாள் காலை சுவரைப் பிடிக்காமல் படி இறங்க முடிந்தால் நீங்கள் தயார்.

மேப்ல 14 கிலோமீட்டர்தான் காட்டுது. அஞ்சு மணி நேரத்துல முடிச்சிடலாம்ல?

இந்தக் கணக்குக்கு நூறாண்டு தாண்டிய ஒரு விதி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 14 கிலோமீட்டருக்கு 2 மணி 48 நிமிடம். வழியில் மொத்தம் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் இன்னும் 2 மணி. ஆக 4 மணி 48 நிமிடம். பார்த்தீர்களா, நீங்கள் சொன்ன ஐந்து மணிதான் என்று சந்தோஷப்படாதீர்கள். இது உடல்வலு உள்ள ஒருவர், நல்ல பாதையில், உட்காராமல் நடந்தால் ஆகும் நேரம்.

பின்னாளில் எரிக் லாங்மியூர் இதில் இறக்கத்தையும் சேர்த்தார். மெல்லிய சரிவில் 300 மீட்டர் இறங்கினால் பத்து நிமிடம் மிச்சம். 12 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால் அதே 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூடுதல். முகட்டில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் வாய்க்கும். 1,200 மீட்டர் செங்குத்து இறக்கத்துக்கு 40 நிமிடம் சேர்த்தால் ஐந்தரை மணி நேரத்துக்கு வந்துவிட்டோம். அப்புறம் பாறை, புதர், பாதை இல்லாத இடம் என்று மூன்றில் ஒரு பங்கைச் சேருங்கள். சாப்பிட, மூச்சு வாங்க, படம் எடுக்க ஒரு மணி நேரம். எட்டு மணிக்கு மேல் போய்விடும். நான் எட்டரை என்று எழுதிக்கொள்வேன்.

ஆரம்பிக்கிற இடத்துக்கும் உச்சிக்கும் 600 மீட்டர்தான் வித்தியாசம். நீங்க ஏன் 1,200னு போடுறீங்க?

முகடு தட்டையாக இருப்பதில்லை. ஒரு மேட்டில் ஏறி, அடுத்த கணவாயில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொரு தாழ்விலும் இழந்த உயரத்தை உங்கள் கால்தான் திருப்பிச் சம்பாதிக்க வேண்டும். 80 மீட்டர், 120 மீட்டர், 60 மீட்டர் என்று சில்லறையாகச் சேர்வது மொத்தத்தில் இரட்டிப்பாவது சாதாரணம். வரைபடத்தில் விரலை வைத்து ஏற்றங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். கூடவே, உச்சி வந்துவிட்டது என்று நம்பி ஏறிய மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு எழுந்து நிற்பதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

போன்ல ஆப் இருக்கு. எதுக்குக் காகித வரைபடம்?

போன் நல்ல கருவி. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆனால் அடியில் இருக்கும் வரைபடம் இணையத்திலிருந்து வருகிறது. அதை வீட்டிலேயே பதிவிறக்கி வைக்காவிட்டால், வெற்றுத் திரையில் ஒரு நீலப்புள்ளி மட்டும் நிற்கும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், சிக்னலைத் தேடித் தேடித்தான் பாதி பேட்டரி காலியாகிறது. குளிரில் பேட்டரி சட்டென்று விழும், அதனால் போன் சட்டையின் உட்புறப் பையில் இருக்கட்டும்.

காகிதம் இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, அது அணைந்துபோகாது. இரண்டாவதுதான் முக்கியம்: முகடு முழுவதையும், அதிலிருந்து இருபுறமும் இறங்கும் பக்க முகடுகளையும் ஒரே பார்வையில் காட்டும். உள்ளங்கை அகலத் திரையில் அது தெரியாது. இறங்கும் வழிகளைத் தேட எனக்கு இன்னும் மேசை மேல் விரித்த தாள்தான் வேண்டும்.

சம உயரக் கோடு எல்லாம் பார்க்கத் தெரியும். அதுல பாறை இல்லைன்னா பாறை இல்லைதானே?

இங்கேதான் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பதுதான் இந்தக் கோடு. 20 மீட்டர் உயர இடைவெளியில் கோடு போட்ட வரைபடத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை முழுசாக ஒளிந்துகொள்ள முடியும். ஐந்து மாடி உயரம்! கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்பது சரி. கோடு நெருங்கவில்லை என்பதால் பாறை இல்லை என்று சொல்ல முடியாது. செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். மதிய வெயிலில் எடுத்ததை விட, நிழல் நீளமாக விழும் நேரத்துப் படம் அதிகம் சொல்லும்.

கோடுகள் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அந்த மூக்கு தாழ்வான பக்கம் பார்த்தால் பக்க முகடு, உயரமான பக்கம் பார்த்தால் ஓடைப் பள்ளம். இதை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி பழகிக்கொள்ளுங்கள்.

இறங்கும் வழி, இறங்கும் வழின்னு சொல்றீங்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் பாதை குறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், கோடுகள் சீரான இடைவெளியில் இறங்கும் அகலமான பக்க முகடுகளைத் தேடுங்கள். ஓடைப் பள்ளங்களை விடுங்கள், காரணம் கீழே வழி தவறுவது பற்றிய கேள்வியில் இருக்கிறது. ஒவ்வொரு வழியும் எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாலையில் முடிந்தால் நல்லது. கடக்க முடியாத ஆற்றில் முடிந்தால் அது வழியே இல்லை.

கண்டுபிடித்ததை வரைபடத்தில் வட்டமிட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். "இந்தக் கணவாயை 11:30-க்குள் தாண்டவில்லை என்றால் இங்கேயே இறக்கம்" என்கிற மாதிரி. இந்த நேரத்தை முந்தைய இரவு வீட்டில் நிதானமாக எழுத வேண்டும். மேலே போன பிறகு தீர்மானிக்கலாம் என்றால், களைப்பும் ஆசையும் சேர்ந்து தீர்மானிக்கும். இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், அந்தத் துண்டுதான் அந்த நாளின் உண்மையான சோதனை. அதன் வாசலில் நின்று வானிலை, தண்ணீர், ஆட்களின் முகம் மூன்றையும் பார்த்த பிறகே உள்ளே காலை வையுங்கள்.

தண்ணி எவ்வளவு? வழியில ஊற்று இருக்காதா?

முகடு என்பதே மழைநீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும் கோடு. தண்ணீர் அங்கே தங்குவதில்லை, ஓடைகள் கீழேதான் பிறக்கின்றன. வரைபடத்தின் நீலக்கோடு தொடங்கும் இடம் கூட கோடையில் வெறும் கல்லாக இருக்கலாம். எனவே முழுவதையும் சுமப்பதாகவே கணக்கிடுங்கள். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்றால் எட்டரை மணிக்கு நாலே கால் லிட்டர், அதாவது நாலே கால் கிலோ. ஆமாம், கனம்தான். கிளம்பும் முன் அடிவாரத்தில் அரை லிட்டர் வயிற்றில் ஏற்றிக்கொள்வது பழைய தந்திரம்.

வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தாலும் தப்பு. வியர்வையில் போன உப்பு திரும்பாவிட்டால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகம் என்று நினைத்து இன்னும் குடித்தால் மோசமாகும். உப்புள்ள ஏதாவது பையில் இருக்கட்டும்.

அடிவாரத்துலயே வேர்த்துக் கொட்டுது. ஜாக்கெட் எதுக்கு சுமக்கணும்?

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் நிற்கும்போதுதான் ஆபத்து. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க உறைபனி தேவையில்லை. பத்து டிகிரியில் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே போதும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் உலரும் செயற்கை இழையோ கம்பளியோ மேல். காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய மேலாடை, உலர்ந்த ஒரு மாற்றுச் சட்டை, இரண்டும் கட்டாயம்.

கூட வருபவரின் நடத்தையைக் கவனியுங்கள். பேச்சு குழறுகிறது, ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை, சமதளத்தில் தடுக்குகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அது கோபமில்லை, குளிர். நடுக்கம் நின்றுவிட்டும் ஆள் தெளியவில்லை என்றால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள்.

வானிலை அறிக்கையில மழை வாய்ப்பு 20 சதவீதம்தான். போகலாமா?

மழையை மட்டும் பார்ப்பது சமதளத்துப் பழக்கம். முகட்டுக்குக் காற்றைப் பாருங்கள். மலை மேல் ஏறும் காற்று முகட்டில் வேகமெடுக்கும், கணவாயில் இன்னும் குவியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. சராசரி வேகத்தை விட, திடீர் வீச்சு எவ்வளவு என்று பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டால் குறுகிய முகட்டில் நேராக நிற்பதே பாடு. நான் அன்று வேறு இடத்துக்குப் போய்விடுவேன். அடிவார ஊருக்கான அறிக்கையை வைத்து முடிவெடுக்காமல், நீங்கள் நடக்கும் உயரத்துக்கான அறிக்கையைத் தேடுங்கள்.

இடி இடிச்சா என்ன பண்றது? கையில இருக்கிற வாக்கிங் போலைத் தூக்கிப் போட்டுட்டா போதுமா?

போதாது. கம்பு மின்னலைக் கூப்பிடுவதில்லை, உயரமான இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நீங்கள்தான் பிரச்சினை. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எட்டும் தூரம்தான். உடனே முகட்டை விட்டு இறங்குங்கள். 50 மீட்டர் இறங்கினாலும் மேலே நிற்பதை விட நல்லது. கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மேலே.

தனித்த மரம், பாறை விளிம்பு, ஆழமில்லாத குகை வாய் மூன்றும் வேண்டாம். ஈரப் பாறை வழியே பாயும் மின்சாரம் அந்த வாயைத் தாண்டிக் குதிக்கும். இறங்க வழியே இல்லையென்றால், பை மேல் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்காதீர்கள். ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி இருங்கள், ஒரே அடியில் எல்லோரும் விழக்கூடாது. மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கட்டும் என்பதால்தான் விடியலில் கிளம்பு என்று எல்லோரும் நச்சரிக்கிறார்கள்.

மூடுபனி வந்தா? முகட்டுலயே போனா வழி தவறாதுதானே?

ஏறும்போது தவறாது, இறங்கும்போது தவறும். கீழிருந்து பார்த்தால் பக்க முகடுகள் எல்லாம் உச்சியை நோக்கிக் கூடுகின்றன, எதைப் பிடித்தாலும் மேலே போய்ச் சேர்வீர்கள். மேலிருந்து அவை பிரிகின்றன. மூடுபனியில் அகலமான பக்க முகடு ஒன்று முதன்மை முகடு போலவே காலை இழுக்கும். அரை மணி நேரம் கழித்துத் தெரியவரும், வேறு பள்ளத்தாக்கில் நிற்கிறீர்கள் என்று. பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, திசைகாட்டியில் திசையைப் பார்த்துவிட்டு நடங்கள். திசைகாட்டி தெரியாதென்றால், போனில் நீங்கள் போட்ட கோட்டின் மேல்தான் புள்ளி நகர்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஆறுதல். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து, எதிரே கீழே பனித்திரை இருந்தால், உங்கள் நிழல் பூதாகரமாக அதன் மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. ஜெர்மனியின் புரோக்கன் மலையில் 1780-இல் விவரிக்கப்பட்டதால் புரோக்கன் பூதம் என்று பெயர். உங்கள் தலையைச் சுற்றியுள்ள வளையம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றி!

வழி தவறிட்டா ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துடும்னு சொல்வாங்களே?

ஊருக்கு முன்னால் அருவி வந்துவிடும். தண்ணீருக்கு 30 மீட்டர் குதிப்பது பிரச்சினையில்லை. நான் ஒருமுறை இந்த அறிவுரையை நம்பி இறங்கினேன். முதல் இரண்டு வழுக்குப் பாறைகளில் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தேன். மூன்றாவதன் விளிம்பில் எட்டிப் பார்த்தால் கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. சறுக்கி வந்த பாறையில் திரும்ப ஏறுவதற்கு மூன்று மணி நேரமும் இரண்டு நகங்களும் போயின.

வழி தவறியது தெரிந்ததும் நில்லுங்கள், உட்காருங்கள், எதையாவது சாப்பிடுங்கள். கடைசியாக எங்கே நிச்சயமாகத் தெரிந்ததோ, அந்த இடத்துக்குத் திரும்புங்கள். மேலே ஏற வேண்டியிருந்தாலும் ஏறுங்கள்.

நடுவுல கையை ஊன்றி ஏறுற பாறை வருமாம். கயிறு எடுத்துக்கணுமா?

பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லாத குழுவில் கயிறு ஆபத்து. ஒருவர் விழுந்தால் இருவரும் போவார்கள். திரும்ப இறங்க முடியாத எதிலும் ஏறாதீர்கள், அதுவே போதுமான விதி. பாறையில் ஏறுவதை விட இறங்குவது கடினம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பிடியையும் எடை போடும் முன் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று ஒலித்தால் விட்டுவிடுங்கள். ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் ஏற வேண்டாம்.

தனியா போகலாமா?

இப்படிப்பட்ட முகட்டுக்கு முதல் தடவை வேண்டாம். சுளுக்கிய கணுக்கால் மூன்று பேர் குழுவில் ஒரு தொல்லை, தனி ஆளுக்கு ஓர் இரவு. எத்தனை பேர் போனாலும், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த வழி, எந்தெந்த இறங்கும் இடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். "சாயங்காலம் வந்துடுவேன்" என்பது தகவல் இல்லை. இறங்கியதும் அவருக்குச் சொல்ல மறந்துவிட்டுத் தூங்கிப்போனவர்களால் தேடுதல் கிளம்பிய கதைகளும் உண்டு. போகும் இடத்துக்கு அனுமதி தேவையா என்பதையும் இதே நேரத்தில் விசாரித்துவிடுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்துல அடிபட்டா எப்படி உதவி கேட்கிறது?

முதலில் போனை எடுத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கில் இல்லாத சிக்னல் முகட்டில் கிடைப்பதுண்டு. அவசர உதவி எண்ணான 112 பல நாடுகளில் வேலை செய்யும், உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கிடைக்கிற வேறு நெட்வொர்க்கில் போக முயலும். அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம். செயற்கைக்கோள் கருவி வாங்குவதாக இருந்தால் முதலில் சட்டத்தைப் பாருங்கள், சில நாடுகளில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம்.

அப்புறம் விசில். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும், விசில் போகாது. ஆல்ப்ஸ் மலை முறைப்படி ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்றாக வரும். இரவில் இதையே விளக்கால் செய்யலாம். பதில் கேட்ட பிறகும் நிறுத்தாதீர்கள், அவர்கள் அந்த ஒலியைப் பிடித்துத்தான் வர வேண்டும்.

பகல் நடைதானே, லைட் எதுக்கு?

எட்டரை மணி நேரக் கணக்கு பத்தரை ஆவதற்கு ஒரு கொப்புளம் போதும். ஆளுக்கொரு நெற்றி விளக்கு வேண்டும். போன் விளக்கு ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், அவசர அழைப்புக்கு வேண்டிய பேட்டரியையும் தின்னும். சூரியன் மறைய இன்னும் எவ்வளவு நேரம் என்று மேலே பார்க்க ஒரு வழி: கையை முழுக்க நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வையுங்கள். ஒரு விரலுக்குச் சுமார் பதினைந்து நிமிடம். எதிரே பெரிய மலை இருந்தால் அதன் உச்சியைத்தான் அடிவானமாக எடுக்க வேண்டும்.

ஒருத்தருக்கு முட்டி போயிடுச்சு. அவரை உட்கார வெச்சுட்டு மத்தவங்க முடிச்சிட்டு வரலாமா?

கூடாது. உட்கார்ந்தவர் குளிர்ந்துபோவார், மூடுபனி வந்தால் அவரைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. முகட்டில் அதே வழியில் திரும்புவீர்கள் என்பதற்கும் உறுதியில்லை. நால்வராக இருந்தால், வழி தெரிந்த ஒருவர் அவரோடு பக்கத்து இறங்கும் வழியில் இறங்கலாம். வரைபடம், விளக்கு, தண்ணீர் இரண்டு அணிக்கும் இருந்தால் மட்டும். மூவர் என்றால் மூவரும் இறங்க வேண்டியதுதான். இந்தப் பேச்சைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், மேலே பேசினால் முட்டி போனவர் "நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றுதான் சொல்வார்.

பாதிக்கு மேல வந்துட்டோம், மேகம் கட்டுது. முன்னே போறதா, திரும்புறதா?

பாதி தூரம் என்பதை மறந்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். வரைபடத்தில் வட்டமிட்டீர்களே, அவற்றில் எது நிமிடக் கணக்கில் பக்கம்? பின்னால் 25 நிமிடத்தில் ஒன்று, முன்னால் 40 நிமிடத்தில் ஒன்று என்றால் பின்னால் போங்கள். நடந்து வந்த தரை என்பதால் அதன் ஒவ்வொரு தடுமாற்றமும் உங்களுக்குத் தெரியும், முன்னால் இருப்பது கணக்கு மட்டுமே. முன்னால் இருப்பது தெளிவாகப் பக்கமாக இருந்தால்தான் முன்னே. அதுவும் நடுவில் கையூன்றி ஏறும் பாறை இல்லை என்றால்.

இறங்கிய பக்கத்தில் உங்கள் வண்டி நிற்காது. அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு சாலையில் பல கிலோமீட்டர் நடக்க நேரலாம், யாரையாவது கையைக் காட்டி நிறுத்தவும் நேரலாம். அதற்காகத்தான் பையின் அடியில் கொஞ்சம் பணத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறேன்.